குங்குமப் பொட்டு வைத்த லீவர்

முருங்கைக் கொம்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் தெரியும். அதே சத்தம் ஒரு மனிதரின் கையிலிருந்து வந்து நான் கேட்டிருக்கிறேன். கேட்டது மட்டுமில்லை, அதற்குக் காரணமும் நான்தான். இத்தனை வாரமாக இந்தப் பக்கங்களில் என் சமர்த்தையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். இந்த வாரம் என் அசட்டுத்தனத்தையும் எழுதிவிடுகிறேன்.

விஜயதசமி காலை. திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. இரண்டு நாளாகப் பூஜையில் இருந்த கார். சுற்றிலும் இழைகோலம். முன் கண்ணாடியை மறைத்துக்கொண்டு சாமந்தி மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். முதல் நாள் பெய்த மழையில் தெரு இன்னும் ஈரமாக இருந்தது. கற்பூர வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து வந்தது.

டிரைவர் உட்காரும் இடத்தில் குழந்தைகளின் புத்தகங்கள், சிலேட்டு, என் கணவருடைய சட்டப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கிப் பட்டுத் துணியால் மூடியிருந்தோம். சரஸ்வதிக்கும் காருக்கும் ஒரே இடத்தில் பூஜையை முடித்துவிடலாம் என்பது என் மாமனாரின் ஏற்பாடு. கார் உறுமும் சத்தம் கேட்ட பிறகுதான் புத்தகங்களை எடுக்க வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடுதான்.

"நாழியாறது. ஏழரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வண்டி சத்தம் கேக்கணும்" என்று மாமனார் அவசரப்படுத்தினார்.

டிரைவர் தங்கையன் இரண்டு நாள் லீவு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அந்தக் காலத்தில் 'வந்திருந்தான்' என்றுதான் சொல்லுவோம். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

வழக்கமாக அவர் முதலில் காருக்குள் ஏறி எதையோ சரி பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வந்து, என்ஜினைக் கிளப்பச் சுற்றுகிற ஹேண்டிலைப் பிடிப்பார். அன்றைக்கு ஏற முடியாது. சரஸ்வதி உட்கார்ந்திருக்கிறாள். பூஜை எடுக்கிற வரைக்கும் எங்கள் வீட்டு மனிதர்கள் தவிர வேறு யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது. ஹேண்டிலுக்கு மட்டும் விதிவிலக்கு. அதைச் சுற்ற எங்களில் யாருக்கும் தெம்பில்லை.

"அம்மா, ஆ சாவியெ வலத்தோட்டு ஒண்ணு திரிச்சுத் தரணும்" என்றார் தங்கையன். நான் பக்கவாட்டில் கையை நீட்டி, புத்தகங்களுக்கு மேலாக எட்டிச் சாவியைத் திருப்பினேன்.

"லீவர் ரெண்டும் ஞான் வெச்சது போலெதன்னே அல்லே?"

"அப்படியேதான் இருக்கு, தங்கையா."

அப்படியே இல்லை. அது எனக்குத் தெரியும்.

அவர் குனிந்து இடது கையால் ஹேண்டிலைப் பிடித்தார். மாமனார் பதறிப்போனார். "நல்ல நாளும் அதுவுமா எடது கையாலயா? வலது கையால சுத்துப்பா!"

தங்கையன் ஒரு கணம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு கையை மாற்றிக்கொண்டார். மேலே ஒரு இழுப்பு. கார் ஒரு பெரிய தும்மல் தும்மியது. ஹேண்டில் எதிர்ப்பக்கமாகச் சுழன்று வந்து அவர் கையில் அடித்தது. அந்தச் சத்தம் அப்போது கேட்டதுதான்.

கார் வந்த கதை

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து நான் கல்யாணமாகி வந்ததை எழுதியிருந்தேன். மலையாளம் தெரியாமல் எப்படிக் காய்கறி வாங்கினீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். விரலை நீட்டித்தான். ஒரு வருஷம் விரலை நீட்டினேன், அடுத்த வருஷம் பேரம் பேசினேன்.

கார் வந்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. கோயில் வாசல்கள் எல்லோருக்கும் திறக்கப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணவர் வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீல். ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். அப்போதே அது கிழவண்டி. துணிக் கூரை, பித்தளை விளக்கு, வாத்து கத்துகிற மாதிரி ஒரு ரப்பர் ஹாரன். கார் வந்த முதல் நாள் தெருவே கூடி நின்று பார்த்தது. எதிர்வீட்டு மாமி, "கடிவாளம் எங்கேடி கோமதி?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாததால் நான் சிரித்து மழுப்பினேன்.

காரோடு தங்கையனும் வந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும், இல்லை ஒன்றிரண்டு குறைவாகவே இருக்கும். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே பாத்திரத்தில் வெந்த மாதிரி வரும்.

எங்கள் தெருவில் ஒரு வேடிக்கை உண்டு. தங்கையன் நடந்து வந்தால் இரண்டு வீட்டு ஜன்னலிலாவது அவர் ஜாதியைச் சொல்லி முணுமுணுப்பு கேட்கும். அதே தங்கையன் காரை ஓட்டிக்கொண்டு வந்தால் அதே ஜன்னல்களில் புன்சிரிப்பு தெரியும். அவருக்கும் அது தெரியும். தெருமுனைவரை நடந்து வரவேண்டிய நாளில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக வருவார். இதைப் பார்த்துக்கொண்டு நாங்களும் அன்றைக்குச் சும்மாதான் இருந்தோம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து கேஸ் கட்டைப் படிக்கத் தெரியும். நான் பின்னால் உட்கார்ந்து தங்கையனின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். எதையோ தள்ளுகிறார், எதையோ இழுக்கிறார், வண்டி கேட்கிறது. நாம் சொன்னதை வீட்டில் யாரும் கேட்பதில்லையே, அந்த ஏக்கம்தான்.

மீசை

எல்லாவற்றுக்கும் காரணமான அந்த லீவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காலத்துக் காரில் அவை கிடையாது. எங்கள் காரில் ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே, இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு மீசை மாதிரியே இருக்கும். வலது மீசை பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது. இடது மீசை என்ஜினுக்குள் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று சொல்வது. ஹேண்டில் போடும்போது இடது மீசை முழுக்க மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் பொறி முந்திக்கொண்டு விழும், என்ஜின் பின்பக்கமாக உதைக்கும், அந்த உதை ஹேண்டில் வழியாகச் சுற்றுகிறவர் கைக்கு வந்து சேரும். இதெல்லாம் நான் பிறகு படித்த பாடம்.

துர்காஷ்டமி மத்தியானம் தங்கையன் காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, லீவர்களை அதது இடத்தில் வைத்துவிட்டு, என்னிடம் வந்து சொன்னார்: "எல்லாம் தொடைக்கலாம் அம்மா. பொட்டு வெக்கலாம். இது ரெண்டும் மாத்திரம் அனக்கண்டா, கேட்டோ?"

அசைக்காதீர்கள் என்று அர்த்தம். எனக்கு நன்றாகவே புரிந்தது.

அவர் போன பிறகு நான் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். விளக்குகளுக்குப் பொட்டு, ஹாரனுக்குப் பொட்டு, ஸ்டியரிங்குக்கு மூன்று பொட்டு. கடைசியில் மீசைக்கு வந்தேன். இடது பக்கம் மேலே தூக்கியிருக்கிறது, வலது பக்கம் கொஞ்சம் தொங்குகிறது. ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தொங்கினால் எந்த மீசையாவது பார்க்க நன்றாக இருக்குமா? கோலத்தில் ஒரு இழை கோணினாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. இடது லீவரைக் கீழே இறக்கினேன். வலதைக் கொஞ்சம் இறக்கி இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டின் நுனியிலும் ஒவ்வொரு சந்தனம், ஒவ்வொரு குங்குமம். தள்ளி நின்று பார்த்தேன். அவ்வளவு லட்சணமாக இருந்தது.

தங்கையன் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. நாலு விரற்கடை இறக்கியதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். விஜயதசமியன்று அவர் கேட்டபோது, அத்தனை பேர் முன்னால், பூஜையின் நடுவில், 'நான் அசைத்துவிட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு மனிதர் கை ஒடிவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

ஹேண்ட்பிரேக்கை மட்டும் நான் தொடவில்லை. அதன் கைப்பிடி ஏற்கெனவே நேராக நின்று அழகாக இருந்ததால் தப்பித்தோம். அதையும் தள்ளியிருந்தால் கார் அவர் மேலேயே ஏறியிருக்கும். 

குறுக்கு விசாரணை

மாலை போட்ட கார் வாசலில் நிற்க, தங்கையனை ஒற்றை மாட்டு வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். காரை ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே.

மத்தியானம் மாவுக்கட்டோடு திரும்பி வந்து, வாசல் படிக்குக் கீழே நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஆறு வாரம் ஆகும், மணிக்கட்டு பழையபடி நேராக வருமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என் கணவருக்குக் கவலை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். கோர்ட்டில் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"லீவர் மேலே இருக்கணும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அறியும் சாமி."

"பார்த்தியா?"

"நோக்கல்ல."

"ஏன் பார்க்கலை?"

தங்கையன் காரைப் பார்த்தார். இதற்குள் குழந்தைகள் மாலையைப் பிய்த்திருந்தார்கள். ஸ்டியரிங்குக்கு அடியில் இரண்டு கம்பியும் ஒரே மட்டத்தில், பொட்டு வைத்துக்கொண்டு பளிச்சென்று தெரிந்தன. பிறகு அவர் பார்வை கதவுக்குப் பின்னால் நின்ற என் பக்கம் ஒரு நிமிஷம் வந்து போயிற்று.

"நோக்காதெ ஹேண்டில் போட்டு சாமி. என்டெ தெற்றுதன்னே" என்று தப்பைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார்.

"லீவரைப் பார்க்காதவன் என்ன டிரைவர்? இன்னிக்கு உன் கை. நாளைக்கு என் கொழந்தேள் கழுத்து." அடுத்த மாசத்திலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

 தங்கையன் தொப்பியை இடது கையால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாளில் திருவனந்தபுரத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். லீவரைப் பார்க்காமல் கையை ஒடித்துக்கொண்டவன் என்று ஒரு வீட்டிலிருந்து வெளியே போனால், வேறு எந்த வீட்டிலும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். ஒடிந்த கையாவது ஆறு வாரத்தில் கூடும். இந்தப் பெயர் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு இது அத்தனையும் தெரியும். தெரிந்தும் உள்ளே போய்ச் சுண்டல் தாளித்தேன்.

சிரித்த சிரிப்பு

மூன்று நாள் அப்படியே இருந்தேன். முதல் நாள், இவர் கோபம் தணியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள், தங்கையனே ஒப்புக்கொண்டபோது நான் எதற்கு என்று சொல்லிக்கொண்டேன். மனசு ஒன்றை மறைக்க நினைத்துவிட்டால் அதற்கு வக்கீல் வைக்க வேண்டியதில்லை, தானே வாதாடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் புது டிரைவர் ஒருவர் வேலை கேட்டு வந்தார். நல்ல உயரம், பளபளவென்று பூட்ஸ். என் கணவர் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னார். முன்னால் இருந்தவன் லீவரைக்கூடப் பார்க்காமல் ஹேண்டிலைச் சுற்றினான் என்றார்.

அந்த மனிதர் சிரித்தார். "லீவர் நோக்காதவனோ? அவனெ வண்டி கழுவான் வெக்கலாம் சாமி!"

என்னால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. காப்பி டம்ளரோடு வெளியே வந்தேன். வேற்று ஆண்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது நான் அதுவரை வாசலுக்கு வந்ததே கிடையாது. டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்த வேகத்தில் காப்பி பாதி தரையில்.

"அந்த லீவரை எறக்கினது நான்தான். அசைக்காதேங்கோன்னு அவன் சொல்லிட்டுத்தான் போனான். பொட்டு வெக்கறப்போ ரெண்டும் சமமா இருக்கட்டும்னு எறக்கினேன். அன்னிக்கு அவன் கேட்டான். அப்படியேதான் இருக்குன்னு பொய் சொன்னேன்."

 புது டிரைவர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊஞ்சலில் இருந்த மாமனார்தான் முதலில் வாயைத் திறந்தார். "எடது கையால பிடிச்சவனை வலது கையால சுத்தச் சொன்னது நான். எடது கையா இருந்தா ஹேண்டில் நழுவிப் போயிருக்கும், வீக்கத்தோட போயிருக்கும்னு டாக்டர் சொன்னாராம். நானும் மூணு நாளாத் தூங்கலை."

என் கணவர் என்னையே பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"தெரியாம எறக்கினது ஒரு தப்பு. கேட்டப்போ பொய் சொன்னது ரெண்டாவது. அதையெல்லாம் விடு. நான் அவனை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறப்போ கதவுக்குப் பின்னால நின்னுண்டிருந்தியே கோமதி, அதுதான் எனக்குப் பொறுக்கலை."

சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். நெய்யாற்றின்கரைக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்து தங்கையன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே என்ன பேசினார் என்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தங்கையன் கழுத்தில் தூளிகட்டிய கையோடு வந்து நின்றார். மாமனார் அவரை வாசல் படிக்கு மேலே வரச் சொல்லி, பெஞ்சியில் உட்கார வைத்தார். இரண்டு வீட்டு ஜன்னல்கள் இதைப் பார்த்தன. பார்க்கட்டும் என்றார் மாமனார்.

நான் போய் எதிரில் நின்றேன். "தங்கையா, நான் பொய் சொன்னேன். மன்னிச்சுக்கோ."

"ஐயோ அம்மா, அங்ஙனெ பறயண்டா" என்று, அப்படிச் சொல்லாதீர்கள் என்கிற மாதிரி இடது கையை ஆட்டினார்.

"உனக்குத் தெரியுமா? நான்தான்னு?"

அவர் சிரித்தார். "ரெண்டும் ஒரே மட்டத்தில், பொட்டும் வெச்சு. ஏது டிரைவர் அம்மா அப்படி வெக்கும்?"

"அப்போ ஏன் சொல்லலை?"

"சொன்னா கை நேரெ ஆகுமோ? பின்னே, சாமி கேட்டது ஞான் நோக்கியோ இல்லையோன்னு. ஞான் நோக்கல்ல. அது சத்யந்தன்னெ. ஹேண்டில் ஆருடெ கையிலோ, லீவர் அவன்தன்னே நோக்கணும். வேறொருத்தர்ட்ட கேக்கப்பிடாது. கேட்டதும் தெற்று, கை மாத்தினதும் தெற்று."

என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. மன்னிக்கிற பாவனையும் இல்லை. தன் வேலையின் கணக்கில் தன் பங்கை அவர் எடுத்துக்கொண்டார், என் பங்கை என்னிடமே விட்டுவிட்டார். அந்த நிமிஷத்திலிருந்துதான் எனக்கு அவர் மேல் மரியாதை பிறந்தது.

ஒன்பது கஜமும் மூன்று பெடலும்

"இனிமே இந்த வண்டியில எது எதுக்குன்னு தெரியாதவா யாரும் அதைத் துடைக்கக்கூடாது" என்று என் கணவர் உத்தரவு போட்டார். கை கூடுகிறவரை தங்கையன் எனக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். சம்பளம் வழக்கம்போல. இவர் கோர்ட்டுக்கு நடந்து போனார், தொப்பை குறைந்தது.

முதல் வாரம் என்ஜினைக் கிளப்பவே விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் சொல்லச் சொல்லக் கையும் காலும் தானாகப் போக வேண்டும். பிரேக் இழுத்திருக்கிறதா, இடது லீவர் மேலே, வலது லீவர் கொஞ்சம் கீழே, அப்புறம்தான் சாவி. நூறு தடவை. "வண்டிக்கு ஓடத் தெரிஞ்சா போரா அம்மா, நிக்கத் தெரியணும்" என்பார்.

அந்தக் காரில் மூன்று பெடல். இடதை முழுக்க மிதித்தால் மெதுவாகப் போகும், விட்டுவிட்டால் வேகமாகப் போகும். நடுவில் இருப்பது பின்னால் போக. வலது ஓரத்தில் பிரேக். எனக்கு வந்த கஷ்டம் எது எது என்பதில் இல்லை. காலில் ஒரு சாமான் பட்டால் உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கத்தில் வந்தது. பிரேக்கை மிதித்தேன், சட்டென்று குனிந்தேன். கார் நின்றிருந்ததால் பிழைத்தோம்.

"அம்மா! கும்பிடப் போனா ரோடு ஆரு நோக்கும்?"

"லக்ஷ்மியைக் காலால மிதிக்கறேனே தங்கையா."

"மிதிச்சில்லென்னா லக்ஷ்மி ஆளெக் கொல்லும்."

ஒன்பது கஜப் புடவையில் எப்படி ஓட்டினீர்கள் என்று என் பேத்திகள் கேட்பார்கள். ஒன்பது கஜம்தான் சௌகரியம். கச்சம் கட்டியிருப்பதால் இரண்டு காலும் தனித்தனி. தலைப்பை மட்டும் இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். இந்தக் கால ஆறு கஜத்தின் கொசுவம்தான் பெடலில் போய்ச் சிக்கும்.

பிறகு பூஜப்புரை மைதானத்துக்குப் போனோம். பக்கத்து வீட்டுப் பையன்கள் அதுவரை காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், மாமனாரும் கூட வந்தார். தங்கையன் இடது கையாலேயே ஹேண்டில் போட்டார், அதற்கு முன் தானே ஏறி வந்து லீவரைப் பார்த்துவிட்டு. முதல் தடவை வண்டி என் காலடியில் நகர்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமா சந்தோஷமா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

தெருவில் ஓட்ட ஆரம்பித்ததும் இன்னொரு கூத்து. வலப்பக்கம் திரும்பப்போகிறோம் என்றால் கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். நான் நீட்டினேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு விற்கிறவள் கூடையோடு ஓடி வந்தாள். பிரேக்கைப் போட்டு நிறுத்திவிட்டேன். தங்கையன் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். நிறுத்தியதற்குப் பரிகாரமாக இரண்டு தூக்கு எடைக் கிழங்கு வாங்க வேண்டியதாயிற்று.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது. மணிக்கட்டு மட்டும் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கோணிவிட்டது. "சாரமில்ல" என்று அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டார். ஓட்டுவதில் எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகு எட்டொன்பது வருஷம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவசரத்துக்கு நானும் ஓட்டினேன். மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த அன்று தங்கையன் ஊரில் இல்லை. நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவர் அதற்கு அப்புறம் நாலு வருஷம் இருந்தார். அந்த நாலு வருஷமும் தங்கையன் கொடுத்தது என்றுதான் நான் எண்ணிக்கொள்வேன்.

வித்துரா பஸ்

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் காரைக் கொட்டகையில் ஏற்றி வைத்தோம். சும்மா உட்கார்ந்திருக்கத் தங்கையனுக்கே இஷ்டமில்லை. வித்துரா வழியில் பஸ் விடுகிற ஒரு முதலாளியிடம் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் கோணல் கையைப் பார்த்து முதலாளி தயங்குவார், நல்ல கடிதம் ஒன்று வேண்டும் என்றார்கள்.

என் கணவர் காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "நீயே எழுது. நேரில் கண்ட சாட்சி நீதான்."

எனக்குத் தமிழ்தான் எழுத வரும். தமிழிலேயே எழுதினேன். "இவருடைய வலது மணிக்கட்டு கோணியிருப்பது இவர் கவனக்குறைவால் அல்ல. லீவரை இறக்கி வைத்தது நான். இறக்கவில்லை என்று பொய் சொன்னதும் நான். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இவர். நான் இதுவரை யார் மேலும் மோதியதில்லை." கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வேலை கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. என் கடிதத்தின் மகிமை என்று நான் ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷமோ என்னவோ கழித்து, வித்துராவில் ஒரு கல்யாணத்துக்குப் போக பஸ்ஸில் ஏறினேன். பெட்ரோல் இல்லாததால் கரிவாயுவில் ஓட, பின்பக்கம் கரி அடுப்பு கட்டிய பஸ். நெடுமங்காட்டில் நின்றபோது டிரைவர் இறங்கி வந்து அடுப்பைக் கிளறினார். பார்த்தால் தங்கையன். முகமெல்லாம் கரி.

"அம்மா!" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். வீட்டில் ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லி விசாரித்தார். நான் அடக்க மாட்டாமல் கேட்டேன்: "என் லெட்டரைப் படிச்சுட்டு உன் முதலாளி என்ன சொன்னார்?"

அவர் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்தார். அதற்குள் மடித்த காகிதம் ஒன்று, மடிப்பில் கிழியாமல் இருக்கப் பின்னால் வேறு தாள் ஒட்டி. என் கையெழுத்து.

"கொடுக்கல்ல அம்மா."

"அப்புறம் எப்படி வேலை?"

"ஒரு ஆழ்ச்ச, ஏழு நாள், ஓட்டிக் காட்டினேன். முதலாளி கூட இருந்நு பார்த்து. போருமல்லோ."

"அப்போ நான் எழுதினது வீணா?"

தங்கையன் அந்தக் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார். "கொடுத்தா அவர் வாங்கி பெட்டியிலெ வெக்கும். பின்னே எனக்கு ஆரு தரும் இது?"

 கண்டக்டர் மணியை அடித்தார். பெண்கள் உட்காரும் முன்வரிசையில், அவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. ஒரு மனிதருக்கு நான் செய்ததையும் அவர் எனக்குச் செய்ததையும் நினைத்துக்கொண்டே வந்தேன். அவரிடம் நான் பட்ட நன்றிக்கடனை அன்றைக்கும் வாயால் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து இங்கே எழுதுகிறேன்.

மலை ஏற ஆரம்பித்ததும் வளைவுகள் வந்தன. ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் முன்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் பிடித்துக்கொள்ளவில்லை.